ரிமோட் ஜீப்புக்குப் பாடி கட்டுவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (மதுரை வாசகர்): 1/10 அளவு ரிமோட் டிரக்குக்கு நிறமற்ற, கண்ணாடி போன்ற பாடி (வண்டியின் மேற்கூடு) ஒன்றைத் தனியாக வாங்கி, பைக்குக்கு அடிக்கும் ஸ்பிரே பெயிண்டை அதன் வெளிப்புறத்தில் அடித்தேன். இரண்டு முறை ஓட்டியதும் வெங்காயச் சருகு போல உரிந்துவிட்டது. பெயிண்ட் மட்டமானதா?

பதில்: பெயிண்ட் மட்டமானதல்ல, ஆனால் இந்தப் பாடிக்கு உரியதல்ல. அடித்த இடமும் தவறு. நிறமற்ற பாடிகள் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. கல்லில் மோதினால் அது வளைந்து பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். பைக் பெயிண்டோ காய்ந்ததும் விறைத்துவிடும். கூடவே வளைய முடியாமல் வெடித்து உரியும். பாலிகார்பனேட்டுக்கென்றே வளைந்து கொடுக்கும் பெயிண்ட் தனியாக உண்டு. ஜப்பானின் டாமியா நிறுவனம் அதை ‘பி.எஸ்.’ என்ற வரிசையிலும், கெட்டிப் பிளாஸ்டிக்குக்கான பெயிண்டை ‘டி.எஸ்.’ என்ற வரிசையிலும் விற்கிறது. இரண்டையும் மாற்றி அடித்தால் ஒன்று உரியும், மற்றொன்று பிளாஸ்டிக்கையே அரிக்கும். ஆகவே கடையில் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் டப்பாவில் உள்ள எழுத்தைப் பாருங்கள்.

இந்தப் பாடிக்கு உட்புறம்தான் வண்ணம் அடிக்க வேண்டும். அப்போது உரசல் பிளாஸ்டிக்கின் மேல் விழுமே தவிர வண்ணத்தின் மேல் விழாது. வெளியிலிருந்து பார்க்கும்போது முதலில் அடித்த நிறமே முன்னால் தெரியும் என்பதால், வழக்கமான வரிசையும் தலைகீழாகும்: அடர்ந்த நிறம் முதலில், வெளிர் நிறம் பிறகு. மஞ்சள், சிவப்பு போன்றவற்றுக்குப் பின்னால் வெள்ளைப் பூச்சு ஒன்று கொடுக்காவிட்டால் நிறம் சோகை பிடித்ததுபோல் இருக்கும். அடிப்பதற்கு முன் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் உட்புறத்தைக் கழுவிக் காயவைத்து, அதன்பின் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய பாதுகாப்புத் தாளை எல்லாம் முடிந்த பிறகே உரிக்க வேண்டும்.

கெட்டுப்போன பாடியில் மிச்சமிருக்கும் பெயிண்டை ஒட்டுநாடாவை அழுத்தி இழுத்து எடுத்துப் பாருங்கள். தின்னரைத் தொடாதீர்கள், பாலிகார்பனேட் மங்கி விரிசல் விட்டுவிடும்.

கேள்வி (கரூர் வாசகர்): எங்கள் தாத்தா ஓட்டிய மஹிந்திரா சி.ஜே.3பி ஜீப்பை 1/10 அளவில் செய்ய ஆசை. என்னிடம் 313 மி.மீ. சக்கர இடைவெளி கொண்ட சேசிஸ் (அடிச்சட்டம்) இருக்கிறது. அதன்மேல் பாடி கட்டலாமா?

பதில்: பஸ்ஸுக்குப் பாடி கட்டுவதில் பேர்போன ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பதில் மகிழ்ச்சி. ஆனால் கத்தியை எடுக்குமுன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சி.ஜே.3பி ஜீப்பின் முன்-பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம் 80 அங்குலம், அதாவது 2,032 மி.மீ. 1/10 அளவில் இது 203 மி.மீ.தான். உங்கள் சேசிஸ் அதைவிட 11 சென்டிமீட்டர் நீளமானது. டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற, 3,085 மி.மீ. அச்சு இடைவெளி உள்ள வண்டிக்குத்தான் அது பொருந்தும். சேசிஸை வெட்டிச் சுருக்கலாம் என்பார்கள். சுருக்கினால் கியர்பாக்ஸிலிருந்து அச்சுக்குப் போகும் தண்டு குட்டையாகி அதிகமாகச் சாய்ந்து நிற்கும், மேடு ஏறும்போது மூட்டு இறுகித் தேயும்.

டயர் விஷயம் இதைவிட மோசம். அசல் ஜீப்பின் 6.00-16 டயர் ஏறத்தாழ 720 மி.மீ. உயரம், 1/10 அளவில் 72 மி.மீ. வர வேண்டும். கடையில் பரவலாகக் கிடைக்கும் 1.9 அங்குல ரிம்முக்கான டயர்களோ 110 முதல் 120 மி.மீ. வரை இருக்கும். அவற்றை மாட்டினால் டிராக்டர் சக்கரத்தில் ஜீப்பை ஏற்றி வைத்தது போலாகும். பெட்டியில் அச்சிட்ட 1/10 என்பதை நம்பிப் பலரும் ஏமாறுவது இங்கேதான்.

என் யோசனை, ஜீப்பை 1/8 அளவில் செய்யுங்கள். 2,032-ஐ எட்டால் வகுத்தால் 254. சந்தையில் 252 மி.மீ. சேசிஸ்கள் உண்டு, இரண்டு மி.மீ. வித்தியாசத்தைத் தாத்தாவே கண்டுபிடிக்க மாட்டார். டயர் 90 மி.மீ. ஆகும், 1.55 அங்குல ரிம்முக்கு அதை ஒட்டிய அளவில் கிடைக்கிறது. இந்த ஜீப்பின் பக்கங்கள் பெரும்பாலும் தட்டையானவை, உள்ளே இருந்த உயரமான இன்ஜினுக்காகத் தூக்கி வைத்த பானட் உட்பட. எனவே 1.5 மி.மீ. ஸ்டைரீன் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் தகடே போதும். கத்தியால் கோடு கீறி மடக்கினால் பிஸ்கட் போல நேராக உடையும். மூலைகளின் உட்புறத்தில் சதுரக் குச்சி வைத்து, பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் கரைப்பான் பசையால் இணையுங்கள். சூப்பர் குளூ ஒரே அடியில் விட்டுவிடும்.

கேள்வி (சென்னை வாசகர்): கெட்டிப் பிளாஸ்டிக் பாடிக்கு அடித்த பச்சை வண்ணம் காய்ந்ததும் பால் படிந்தது போல வெளுத்துவிட்டது. ஏன்?

பதில்: மழைக்காலத்தில் அடித்தீர்களா? பெயிண்டில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்றில் உள்ள நீர் அதன்மேல் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. நானும் ஒரு நவம்பர் மாலையில், தூறல் நின்ற கையோடு மொட்டை மாடியில் அடித்து, காலையில் கருநீல வண்டிக்குப் பதிலாக விபூதி பூசிய வண்டியைப் பார்த்தேன். இரண்டு நாள் காயவிட்டு, 1000 எண் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்து, வெயில் காயும் நாளில் முற்பகலில் மீண்டும் அடித்த பிறகுதான் சரியானது. 20 முதல் 25 செ.மீ. தள்ளி நின்று, கையை நிறுத்தாமல், மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். டப்பாவை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்தால் தூறல் நைசாக வரும். அடுப்பருகே மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

மெட்டாலிக் நிறம் வேண்டாம் என்பது என் கருத்து. அதிலுள்ள மினுமினுப்புத் துகள்கள் இந்தச் சிறிய அளவில் சர்க்கரைப் பரல் போலத் தெரிந்து பொம்மைத்தனத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி (ஏற்காடு வாசகர்): பித்தளைக் கம்பியில் அழகாகக் கூரைத் தட்டு செய்து மாட்டினேன். அதன்பின் வண்டி சரிவில் குப்புற விழுகிறது.

பதில்: தலையில் மூட்டை ஏற்றினால் விழத்தானே செய்யும்! தட்டை ஸ்டைரீன் குச்சியில் செய்துவிட்டு, மிச்சமான பித்தளையை முன் அச்சின் இருபுறமும் கட்டுங்கள். பேட்டரியையும் தாழ்வாக, முன்பக்கம் நகர்த்துங்கள்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): புது வண்டிக்குத் துருப்பிடித்த தோற்றம் தர வழி உண்டா?

பதில்: சமையலறை உப்பே போதும். முதலில் துரு நிறமான பழுப்பை அடித்துக் காயவிடுங்கள். துரு தெரிய வேண்டிய இடத்தை மட்டும் நீரால் நனைத்து, கல்லுப்பும் தூளுப்பும் கலந்து தூவி, காய்ந்ததும் மேல்நிறத்தை அடியுங்கள். பிறகு பழைய பிரஷ்ஷால் உப்பைத் தட்டிவிட்டால் அந்தந்த இடத்தில் பழுப்பு எட்டிப் பார்க்கும். அசல் ஜீப்பில் தண்ணீர் எங்கே தேங்கும் என்று யோசித்துத் தூவுங்கள்: தரைத் தகட்டின் ஓரம், படிக்கட்டின் அடி, கண்ணாடிச் சட்டத்தின் கீல். பானட்டின் நடுவில் ஒரு பொட்டுகூட வேண்டாம்.