வேலைக்குப் போகும் அம்மாவை விட்டுப் பாட்டியிடமே 9 மாதக் குழந்தை ஒட்டிக்கொண்டால், அம்மா மேல் பாசம் குறைந்துவிடுமா?

குறையாது.

சாயங்காலம் வந்து கை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். பகலில் பார்த்துக்கொள்வது உங்கள் அம்மாவாக இருக்கும் என்று நினைக்கிறேன். மாமியார் என்றால் கேள்வியில் இன்னும் கொஞ்சம் காரம் இருந்திருக்கும்.

எங்கள் வீட்டில் அந்தப் பாட்டி நான்தான். எனக்கு நைட் ஷிஃப்ட். மனைவிக்கு 26 வாரப் பேறுகால விடுப்பு முடிந்ததும், பகலில் மகள் என் பொறுப்பு. தூளி ஆட்டுவது, கூழ் ஊட்டுவது, கழுவி விடுவது எல்லாம். எட்டாவது மாதம் வாக்கில் நான் குளிக்கப் போனாலே வீறிட்டு அழ ஆரம்பித்தாள், அதுவும் அம்மா மடியில் இருந்துகொண்டே. உள்ளேயிருந்து பேசிக்கொண்டேதான் குளிக்க வேண்டும். ஊரிலிருந்து வந்த அத்தை, "பெத்தவளையே தெரியாத மாதிரி வளக்குறீங்களே" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு என் மனைவி சாப்பிடவில்லை.

நான் டாக்டர் இல்லை. 'நெட்டில் படித்துவிட்டுப் பேசுகிறான்' என்று கமெண்ட் போடுபவர்கள் தாராளமாகப் போடலாம், படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளை மாதாமாதம் வீட்டுக்கே போய்ப் பார்த்து, ஷாஃபர், எமர்சன் என்ற இருவர் 1964இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குழந்தை அதிகம் ஒட்டிக்கொண்டது எப்போதும் பால் கொடுத்தவரிடமோ, அதிக நேரம் கூட இருந்தவரிடமோதான் என்று இல்லை. அழுகையும் சிரிப்பும் எதற்கென்று புரிந்து உடனே கவனித்தவரிடம்தான். ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்பா, பாட்டி, அக்கா என்று. ஒருவரிடம் ஏறினால் இன்னொருவரிடம் இறங்கும் கணக்கு இது இல்லை. ஏழெட்டு மாதத்தில் இப்படிப் பிரித்துப் பார்த்து அழுவதும் வளர்ச்சிதான்.

'அப்பன் வளர்த்தால் ஒட்டுமா' என்று கேட்டவர்களிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா? மத்திய அரசு ஊழியராக இருந்தால் ஆணுக்கு 15 நாள் விடுப்பு. தனியாரில் அதற்கும் சட்டம் இல்லை. மாலுக்குப் போனால் டயப்பர் மாற்றும் மேஜை லேடீஸ் டாய்லெட்டுக்குள் இருக்கிறது. வாஷ்பேசின் ஓரத்தில் துண்டை விரித்து நான் மாற்றும்போது, கை கழுவ வருபவர்கள் ஏதோ கடத்திவந்த பிள்ளை மாதிரிப் பார்ப்பார்கள். பெண்கள் படும் பாட்டை விட இது பெரிதா என்று கேட்காதீர்கள், பெரிது என்று நான் சொல்லவில்லை.

சரி, உங்கள் விஷயம். வந்தவுடன் பாட்டி இடுப்பிலிருந்து பிடுங்காதீர்கள். கை கால் கழுவிவிட்டு பக்கத்தில் தரையில் உட்காருங்கள். என் மனைவி அப்படி உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து மூடிக்கொண்டிருப்பாள், இவள் கொஞ்ச நேரத்தில் தானே தவழ்ந்து போய் மூடியைப் பிடுங்குவாள். காலையில் பாட்டி காக்காயைக் காட்டும்போது நைசாக நழுவும் வேலையையும் விட்டுவிடுங்கள். அழுதாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அப்புறம், ராத்திரி அவன் விழித்தால் நீங்களே எடுங்கள், பாட்டியும் கொஞ்சம் தூங்கட்டும்.