பூனையை டாக்டரிடம் கொண்டுபோவது: கேள்வி பதில்

கூடையைப் பார்த்தாலே எங்கள் பூனை கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. எப்படிக் கொண்டுபோவது?

ஊசி போடும் நாளில் மட்டும் கூடை பரணிலிருந்து இறங்கினால் எந்தப் பூனையும் ஓடத்தான் செய்யும். இரண்டு வாரத்துக்கு முன்பே கூடையைத் திறந்து ஹாலில் வையுங்கள். அது படுத்துப் பழகிய துண்டை உள்ளே விரித்து, தினமும் ஒரு வேளைச் சாப்பாட்டை அங்கேயே கொடுங்கள். மேல்பாதி தனியாகக் கழலும் பிளாஸ்டிக் கூடைதான் நல்லது. பூனை வெளியே வர மறுத்தால் மேல்பாதியை மட்டும் எடுத்துவிட்டு, அது உட்கார்ந்த இடத்திலேயே டாக்டர் பார்த்துவிடுவார். வழியில் மெல்லிய துணியால் கூடையை மூடுங்கள். கிளினிக்கில் தரையில் வேண்டாம், நாற்காலி மேல் வையுங்கள். தரையில் வைத்தால் நாய்கள் வந்து மோப்பம் பிடிக்கும்.

அப்படியும் மிரண்டால், கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு கொடுக்க, மிரட்சியைத் தணிக்கும் கபாபென்டின் மருந்தை எழுதித் தருவார்கள். பொதுவாக 50 முதல் 100 மில்லிகிராம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு குறையும் என்பதால், டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

ஐந்து நிமிடம் தடவிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறாரே, அதில் என்ன தெரியும்?

நிறையவே தெரியும். ஈறை விரலால் அழுத்தி விடும்போது, வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்கிறதா என்று பார்க்கிறார்; தாமதமானால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். ஈறில் மஞ்சள் தெரிந்தால் கல்லீரலையோ ரத்த அணுக்கள் அழிவதையோ சந்தேகிப்பார். வயிற்றை இரு பக்கமும் மெல்லப் பிடிக்கும்போது சிறுநீரகங்களின் அளவு, சிறுநீர்ப்பை, குடலில் தேங்கிய மலம் எல்லாம் கைக்குப் படும். எடை முக்கியம். நான்கு கிலோ பூனை 400 கிராம் இளைத்தால் உடலில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம், ஆனால் ரோமம் அதை மறைத்துவிடும். வீட்டிலேயே மாதம் ஒருமுறை எடை பாருங்கள்.

உடம்பு சுடுகிறது. குழந்தைக்கு வாங்கிய பாரசிட்டமால் சிரப் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. பாரசிட்டமாலை முறித்து வெளியேற்றும் என்சைம் பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லை. ஒரு மாத்திரையே உயிரைப் பறித்துவிடும். ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் பாட்டிலோடு ஓடுங்கள். மாற்று மருந்து உண்டு. பூனையின் இயல்பான வெப்பமே 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்கு அது எப்போதும் சூடாகத்தான் தெரியும்.

நாய்க்கான பெர்மெத்ரின் உண்ணி மருந்தையும் தடவாதீர்கள். வலிப்பு வரும்.

கடுவன் பூனை மணல் தட்டில் போய்ப் போய் முக்குகிறது. மலச்சிக்கல்தானே? விளக்கெண்ணெய் கொடுக்கட்டுமா?

எண்ணெய் வேண்டாம், இப்போதே கிளம்புங்கள். கடுவனின் சிறுநீர்க் குழாய் நுனியில் மிகக் குறுகலானது; மணல் போன்ற படிகமோ சளிக்கட்டியோ அடைத்துக்கொள்ளும். முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு நாளை வீணாக்குவதுதான் இதில் பெரிய ஆபத்து. சிறுநீர் தேங்கத் தேங்க ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். ஓரிரு நாளிலேயே உயிர் போகலாம். மணலில் ஈரக்கட்டி இல்லாமல் இருப்பது, குறியை ஓயாமல் நக்குவது, வாந்தி, தொட்டால் கத்துவது எல்லாம் இதன் அடையாளங்கள். வயிற்றை நீங்கள் அழுத்திப் பார்க்காதீர்கள், சிறுநீர்ப்பை கிழியலாம். மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டு அடைப்பை நீக்குவார்கள், பிறகு சில நாள் டிரிப்ஸ் ஏறும். திரும்பவும் அடைக்கக்கூடியது என்பதால், வீட்டுக்கு வந்த பிறகு தண்ணீர்ச்சத்துள்ள உணவைக் கூட்டுங்கள்.

வெளியே விடாத பூனைக்கும் தடுப்பூசி வேண்டுமா?

வேண்டும். பான்லூக்கோபீனியா என்னும் கொடிய பூனைத் தொற்றுநோயின் கிருமி நம் செருப்பிலேயே வீட்டுக்குள் வரும். குட்டிக்கு எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை போட வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில், பிறகு ஓராண்டில்.

மகள் பிளஸ் டூ. பூனை டாக்டராக என்ன படிக்க வேண்டும்?

பி.வி.எஸ்சி. & ஏ.எச். என்னும் கால்நடை மருத்துவப் பட்டம், இன்டர்ன்ஷிப் சேர்த்து ஐந்தரை ஆண்டு. வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி உட்பட, தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணில் நிரம்புகின்றன. 15 சதவீத அகில இந்திய இடங்களுக்கு நீட். மாடு, ஆடு, கோழி எல்லாம் படித்தாக வேண்டும். பூனை, நாயில் தனித்தேர்ச்சி அதன் பிறகு முதுகலையில்தான். சேருவதற்கு முன் ஒருநாள் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.