முட்டைக்கோழியின் பின்பக்கம் ஓயாமல் அழுக்காகிறது, குளிப்பாட்டினால் போதுமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் 14 நாட்டுக்கோழிகள் நிற்கின்றன. அதில் ஒன்றரை வயதுக் கருப்புப் பெட்டைக்கு மட்டும் மூன்று வாரமாகப் பின்பக்க இறகில் எச்சம் அப்பிக் காய்ந்து கிடக்கிறது. நன்றாகத் தீனி எடுக்கிறது, கொண்டை சிவப்பாக இருக்கிறது, முட்டையும் வைக்கிறது. ஆனால் முட்டையிலும் எச்சம் ஒட்டுகிறது. ஒரு மாதமாகப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் மிச்சமாகும் சாம்பார் சோறு, வடை, அப்பளம் போட்டு வருகிறேன். தினமும் ஷாம்பு போட்டுக் கழுவியும் பார்த்துவிட்டேன். மெடிக்கலில் மனிதருக்கு விற்கிற கழிச்சல் மாத்திரையை அரை அரையாக மூன்று நாள் கொடுத்தேன். நிற்கவில்லை. என்ன செய்யலாம் ஐயா?

பதில்: முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் அம்மா. கொண்டை சிவந்து, தீனி எடுத்து, முட்டையும் வைக்கிற கோழி கைவிட்டுப் போகிற நிலையில் இல்லை. ஆனால் மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். என்ன காரணம் என்று தெரியாமல் கொடுக்கிற மருந்து, குடலில் செரிமானத்துக்குத் துணைநிற்கிற நல்ல கிருமிகளையும் சேர்த்து அழித்துவிடலாம். அப்படியானால் கழிச்சல் இன்னும் இழுத்துக்கொண்டுதான் போகும். மருந்தின் மிச்சம் முட்டையிலும் இறங்கலாம். மாத்திரை அட்டையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, எத்தனை நாள் முட்டையைத் தவிர்க்க வேண்டும் என்று கேளுங்கள். அதுவரை அந்தக் கோழியின் முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

இன்று ராத்திரி அந்தப் பெட்டையை மட்டும் தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, அடியில் பழைய செய்தித்தாள் விரித்துவையுங்கள். காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால், உள்ளே என்ன நடக்கிறது என்று அந்தத் தாளே சொல்லிவிடும். நல்ல எச்சம் சுருண்டு கெட்டியாக, பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். அதன் தலையில் சுண்ணாம்பு தொட்டுவைத்தது போல வெள்ளையாக ஒரு பூச்சு. அந்த வெள்ளைதான் கோழியின் சிறுநீர். அதற்குத் தனியாக நீர் பிரிவதில்லை. இடையிடையே, எட்டுப் பத்து எச்சத்துக்கு ஒன்று, வெல்லப்பாகு மாதிரி பளபளப்பாக, பிசுபிசுவென்று, மூக்கைப் பொத்த வைக்கிற நாற்றத்தோடு விழும். அது குடல்வால் என்கிற, குடலோடு ஒட்டிய பையில் ஊறி வருவது, இயல்பானதுதான். இதைக் கழிச்சல் என்று நினைத்து மருந்து கொடுத்துவிட்டு வருகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். அடையில் கிடக்கிற பெட்டையும் அப்படித்தான்: நாளுக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ எழுந்து, பெரிய உருண்டையாகத் தாங்கமுடியாத நாற்றத்தோடு போடும். அதற்கும் மருந்து தேவையில்லை.

தாளில் தண்ணீர் வட்டமாகப் பரவி, நடுவில் கொஞ்சம் சக்கையும் வெள்ளையும் மட்டும் இருந்தால், பெரும்பாலும் கோழி அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கிறது என்று அர்த்தம். உங்கள் கோழிக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கோடை வெயிலில் வாயைத் திறந்து இரைக்கிற நாட்களில் எல்லாக் கோழிக்கும் இது கொஞ்சம் உண்டு. ஆனால் உங்கள் வீட்டில் 14 இருக்க ஒன்றுக்கு மட்டும் என்றால், என் கண் அந்த மண்டபத்துச் சாம்பார் மேல்தான் போகிறது.

நூறு கிலோ கோழித் தீனியில் உப்பு கால் கிலோவுக்குச் சற்று மேல், அவ்வளவு இருந்தால் போதும். மனிதர் நாக்குக்கு ருசிக்கிற சாம்பார், அப்பளம், ஊறுகாய் எல்லாம் அதற்கு மிகமிக அதிகம். உப்பு ஏறினால் தாகம், தாகத்துக்குத் தண்ணீர், தண்ணீருக்கு இளகின எச்சம். அது அடி இறகில் வழிந்து காய்ந்து, அதன்மேல் அடுத்தது வழிந்து கட்டியாகிவிடுகிறது. மற்றவற்றுக்கு ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். சட்டியை வைத்ததும் முதலில் பாய்ந்து வந்து, மற்றதைக் கொத்தி விரட்டிவிட்டு வயிறு நிரப்புவது எது என்று நாளைக்கு நின்று பாருங்கள். பெரும்பாலும் அந்தக் கருப்புப் பெட்டையாகத்தான் இருக்கும். வடை எண்ணெயில் கொழுப்பு ஏறிய கோழிக்குப் பின்பக்கம் தொங்கி, எச்சம் விலகி விழாமல் இறகிலேயே படியும்.

ஆகவே மண்டபத்துச் சோற்றை நிறுத்துங்கள். உப்பில்லாத வெறும் சோறு ஒரு கைப்பிடி போட்டால் குற்றமில்லை. உடைத்த மக்காச்சோளம், கம்பு, தவிடு, பூஞ்சணம் பிடிக்காத கடலைப் பிண்ணாக்கு, இவற்றோடு முருங்கைக்கீரை. இயன்றால் கடையில் விற்கிற முட்டைக்கோழித் தீவனத்தையும் பாதிக்குப் பாதி கலக்கலாம். ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள், குடல் பழகிக்கொள்ளும். பிண்ணாக்கை முகர்ந்து பார்க்காமல் போடாதீர்கள் அம்மா. பூஞ்சண வாடை லேசாக வந்தாலும் அது ஈரலைக் கெடுக்கும்.

ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் கோழி உடம்பிலிருந்து போகிறது. அதனால் நொறுக்கிய கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வைத்துவிடுங்கள், வேண்டுமென்கிற கோழி வேண்டுமளவு கொத்திக்கொள்ளும். பக்கத்தில் கடுகும் மிளகும் அளவிலான சிறு கற்களும் கொட்டிவையுங்கள். பல் இல்லாத பிராணிக்கு உள்ளே அரைக்கிற பையில் அந்தக் கல்தான் பல். தண்ணீர்ச் சட்டி நிழலில், கோழி அடைகிற கட்டைக்கு அடியில் வராமல், முதுகு உயரத்தில் இருக்கட்டும். தினமும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். சட்டியின் உள்பக்கம் விரலில் வழவழப்பு தட்டினால் அந்தத் தண்ணீரே கழிச்சலுக்குக் காரணமாகலாம்.

பஞ்சாரத்தில் அடைக்கும்போதே கழுத்துக்குக் கீழே, மார்பின் முன்பக்கம் தடவிப் பாருங்கள். தீனிப்பை எலுமிச்சம்பழம் போல நிரம்பியிருக்கும். விடிகாலையில், தீனி வைப்பதற்கு முன் தொட்டால் அது காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கல் மாதிரி கெட்டியாகவோ, தண்ணீர்ப் பை மாதிரி தளதளவென்று புளிப்பு நாற்றத்தோடோ இருந்தால் மருத்துவரிடம் போங்கள். தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்கவைக்கும் வைத்தியம் மட்டும் வேண்டாம். மூச்சுக்குழலில் போய் என் கண்முன்னே ஒரு நல்ல சேவல் செத்தது, இன்னும் மறக்க முடியவில்லை.

இனி கழுவுகிற விஷயம். தினமும் ஷாம்பு போட்டதில் இறகின் எண்ணெய்ப்பசை போயிருக்கும், எச்சம் இன்னும் சுலபமாக ஒட்டும். ஒரே ஒரு முறை முறையாகக் கழுவினால் போதும். வெயில் ஏறிய பிறகு, பத்து மணி வாக்கில், அகலமான பேசினில் கை பொறுக்கிற வெதுவெதுப்பில் தண்ணீர் எடுத்து, பின்பக்கம் மட்டும் முங்கும்படி கோழியை உட்கார வையுங்கள். ஒரு கை மார்பைத் தாங்கட்டும். கொஞ்ச நேரத்தில் அதுவே கண்ணைச் சொருகி அமைதியாகிவிடும். பத்து நிமிடம் ஊறினால் கட்டி தானாகக் கரையும். காய்ந்ததைப் பிய்த்து இழுக்காதீர்கள், தோலோடு வரும். கரையாத இறகைக் கத்தரிக்கோலால் நறுக்கலாம், ஆனால் தோலை ஒட்டி வேண்டாம். புதிதாக முளைக்கிற இறகின் தண்டில் ரத்தம் ஓடும். துணியால் ஒற்றி, ஈரம் போகும்வரை வெயிலும் நிழலும் கலந்த இடத்தில் தனியே வையுங்கள். தோல் சிவந்திருந்தால் மஞ்சள் குழைத்த தேங்காய் எண்ணெயைத் தடவி, ஆறும்வரை கூட்டத்தில் விடாதீர்கள். சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகள் கொத்திக் குதறிவிடும். ஈரமும் புண்ணும் சேர்ந்த இடத்தில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும், அது உயிருக்கே ஆபத்து.

கழுவும்போது துவாரத்தைச் சுற்றி இறகை விலக்கிப் பாருங்கள். இறகின் அடித்தண்டில் மெழுகு உருட்டி வைத்தது போல வெள்ளைக் கொத்து இருந்தால் பேன் முட்டை. கருப்பாகப் பொடிப்பொடியாக ஊர்ந்தால் செள்ளு. அப்படியென்றால் 14 கோழிக்கும் கூட்டுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும், ஒன்றைக் கழுவிப் பயனில்லை. நனையாத ஒரு மூலையில் புழுதியும் கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் கலந்து குழியில் கொட்டிவைத்தால், கோழி தானே புரண்டு பெருமளவு உதிர்த்துக்கொள்ளும்.

முட்டையில் எச்சம் ஒட்டுவது பற்றி: முட்டை வெளிவரும்போது கருக்குழாயின் நுனி பிதுங்கி, எச்சம் முட்டையைத் தொடாமல் காத்து வெளியே விடும். ஆகவே அழுக்கு இறகிலிருந்தும் முட்டையிடுகிற கூடையிலிருந்தும்தான் வருகிறது. ராத்திரி கோழி கூடையிலேயே தூங்குகிறதா பாருங்கள். தூங்கினால் மாலையில் கூடையைக் கவிழ்த்துவிட்டுக் காலையில் புது வைக்கோலோடு வையுங்கள். அழுக்கு முட்டையைப் பச்சைத் தண்ணீரில் கழுவி எடுத்துவைக்கக் கூடாது. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு, குளிர்ந்த தண்ணீர் கிருமியை உள்ளே இழுத்துவிடும். உலர்ந்த நாரால் துடைத்து, சீக்கிரம் நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

தாளில் ரத்தம் தெரிந்தாலோ, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து கோழி உறங்கி வழிந்தாலோ, கழுத்து முறுக்கினாலோ, வால் தாழ்த்தி நிமிர்ந்து நின்று முக்கினாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். தனியே பிரித்துவிட்டுக் கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற இலவச எண்ணுக்கோ சொல்லுங்கள். பச்சை வெள்ளைக் கழிச்சலும் கழுத்து முறுக்கலும் ராணிக்கெட் என்கிற தொற்றுநோயாக இருக்கலாம், அது வந்த பின் மருந்தில்லை. உங்கள் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. போடவில்லையென்றால் நோயில்லாத மற்றவற்றுக்கு மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

தீனி மாற்றி பத்து நாளில் தாளில் தண்ணீர் வட்டம் சுருங்கி, வெள்ளைத் தலையோடு எச்சம் கெட்டிப்பட வேண்டும். அப்படி ஆகவில்லையென்றால் அன்று காலை விழுந்த புது எச்சத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போங்கள். புழு முட்டை இருக்கிறதா என்று பார்த்து, எந்தப் புழு என்று தெரிந்த பின் மருந்து வாங்குங்கள். மருந்து கொடுத்த பின் எத்தனை நாள் முட்டை எடுக்கக் கூடாது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.