கல்லீரல் புற்றுநோய் மீண்டும் வராமல் தடுக்க மாத்திரை உண்டா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 58. பல ஆண்டுகளாக ஹெபடைடிஸ் பி தொற்றும், அதனால் கல்லீரல் சுருக்க நோயும் உள்ளன. கல்லீரலில் இருந்த புற்றுக்கட்டியை அண்மையில் அறுவை சிகிச்சை மூலம் அகற்றினார்கள். தினமும் என்டிகேவிர் மாத்திரை சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். கட்டியை எடுத்த பிறகு அது எதற்கு? நோய் திரும்பாமலிருக்க ஆஸ்பிரின் கொடுக்கலாமா?

மருத்துவர் பதில்: உங்கள் தந்தைக்கு இன்று கிடைக்கக்கூடிய மிக உறுதியான தடுப்பு மருந்து, எதற்கு என்று நீங்கள் கேட்கும், ஹெபடைடிஸ் பி வைரஸை அடக்கும் அந்த என்டிகேவிர்தான். அதை எக்காரணம் கொண்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கட்டியை முழுமையாக அகற்றினாலும், ஐந்தாண்டுகளுக்குள் சுமார் 70 சதவீதம் பேருக்கு வரை கல்லீரல் புற்றுநோய் திரும்ப வரக்கூடும். முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் வருவது, பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்கு முன்பே இரத்தக்குழாய் வழியாகக் கல்லீரலின் பிற பகுதிகளுக்குச் சிதறிவிட்ட புற்றணுக்களிலிருந்து முளைப்பது. அதற்குப் பின் வருவது பல நேரங்களில் முற்றிலும் புதிய கட்டி. தழும்பேறிய கல்லீரலில் வைரஸ் தொடர்ந்து அழற்சியை உண்டாக்க, செல்கள் அழிவதும் மீண்டும் பெருகுவதுமாக இருக்கும்போது அது தோன்றுகிறது. வைரஸை அடக்கினால் இந்த இரண்டாம் வகை ஆபத்து குறைகிறது. கல்லீரலின் செயல்திறனும் காக்கப்படுவதால், ஒருவேளை நோய் திரும்பினாலும் சிகிச்சையைத் தாங்கும் வலு உடலுக்கு இருக்கும்.

ஆசியாவில் 651 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வில், லாமிவுடின் என்ற பழைய வைரஸ் எதிர்ப்பு மருந்தை எடுத்தவர்களில் 3.9 சதவீதம் பேருக்கும், மருந்தற்ற மாத்திரை எடுத்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கும் கல்லீரல் புற்றுநோய் வந்தது. என்டிகேவிரும் டெனோஃபோவிரும் அதைவிட வலிமையானவை. ஆபத்து குறையுமே தவிர அறவே நீங்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். என்டிகேவிரை வெறும் வயிற்றில், அதாவது உணவுக்குப் பின் இரண்டு மணி நேரமும் அடுத்த உணவுக்கு முன் இரண்டு மணி நேரமும் இடைவெளி விட்டு எடுக்க வேண்டும். பலர் இதைக் கவனிப்பதில்லை. திடீரென நிறுத்தினால் வைரஸ் பொங்கி எழுந்து, ஏற்கெனவே நலிந்த கல்லீரல் செயலிழக்கும் அபாயம் உண்டு.

ஆஸ்பிரின் பற்றிய உங்கள் ஆர்வம் புரிகிறது. ஹெபடைடிஸ் பி அல்லது சி உள்ள ஏறத்தாழ 50,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்குப் பத்தாண்டுகளில் புற்றுநோய் வந்தது 4 சதவீதம், எடுக்காதவர்களுக்கு 8.3 சதவீதம். ஆனால் அது பதிவுகளைக் கொண்டு செய்த கணக்கீடு; குலுக்கல் முறையில் மருந்து கொடுத்துச் சோதித்தது அல்ல. கல்லீரல் சுருக்க நோயில் பலருக்கு இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கும், உணவுக்குழாயில் இரத்தநாளங்கள் புடைத்திருக்கும். அந்நிலையில் ஆஸ்பிரின் உயிருக்கே ஆபத்தான இரத்தக்கசிவை வரவழைக்கலாம். இதயக் கோளாறு போன்ற வேறு காரணத்துக்காக அவருடைய மருத்துவரே பரிந்துரைத்தாலன்றி அதைக் கொடுக்காதீர்கள்.

புற்றுநோய்க்கு எதிரான மருந்துகள் இவ்விடத்தில் ஏமாற்றமே தந்துள்ளன. அறுவை சிகிச்சைக்குப் பின் சொராஃபெனிப் கொடுத்துப் பார்த்த, 1,100-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற பெரிய ஆய்வில் நோய் திரும்புவது குறையவில்லை. அடிசோலிசுமாப், பெவாசிசுமாப் ஊசிகளின் கூட்டுச் சிகிச்சை 2023-இல் நம்பிக்கையளித்தது; நோயாளிகளை மேலும் சில காலம் கவனித்தபோது அந்தப் பலன் நீடிக்கவில்லை. ஆய்வுகள் தொடர்கின்றன. கல்லீரலைச் சுத்தப்படுத்தும் என்று விற்கப்படும் மூலிகை மருந்துகளோ கல்லீரலையே கெடுக்கக்கூடும் என்பதால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். மதுவை முழுமையாக விலக்குவதும் சர்க்கரையையும் உடல் எடையையும் கட்டுக்குள் வைப்பதும் அவசியம்.

முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று அல்லது நான்கு மாதங்களுக்கு ஒருமுறை சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், கல்லீரல் புற்றின் அறிகுறியைத் தேடும் ஏ.எஃப்.பி. இரத்தப் பரிசோதனையும், அவ்வப்போது வைரஸ் அளவு, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றுக்கான சோதனைகளும் தேவைப்படும். தந்தைக்குத் தொற்று இருப்பதால் நீங்களும், உங்கள் தாயும் உடன்பிறந்தவர்களும் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தொற்றோ எதிர்ப்பாற்றலோ இல்லாதவர்கள் தடுப்பூசியைத் தாமதமின்றிப் போட்டுக்கொள்ள வேண்டும்.