பள்ளி வீடியோ வகுப்பு: வாசகர் கேள்விகள்

எங்கள் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வீடியோ தயாரிப்பு வகுப்பு தொடங்குகிறோம். மாணவர்கள் 30 பேர். கேமரா இரண்டு, டிரைபாட் இரண்டு, காலர் மைக் ஒன்று இருக்கின்றன. என்ன விதிகள் வைக்கலாம்?
– ஆசிரியை, மன்னார்குடி

ஐந்து ஐந்து பேராக ஆறு குழு பிரியுங்கள். இயக்கம், கேமரா, ஒலி, குறிப்பெடுப்பு, எடிட்டிங் என்று ஆளுக்கொரு வேலை. ஒவ்வொரு பயிற்சிக்கும் வேலை கட்டாயம் மாற வேண்டும். மாற்றாவிட்டால், வீட்டில் நல்ல போன் வைத்திருக்கும் பையனே வருடம் முழுக்கக் கேமராவைப் பிடிப்பான். பெண் பிள்ளைகள் நோட்டும் பேனாவுமாக நின்றுவிடுவார்கள். பல வகுப்புகளில் இதுதான் நடக்கிறது. மற்ற விதிகளில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஷாட் பட்டியலைக் காட்டி உங்கள் கையெழுத்து வாங்கிய குழுவுக்குத்தான் கேமரா. எந்த இடம், யார் வருகிறார்கள், தூரக்காட்சியா நெருக்கக்காட்சியா, எத்தனை வினாடி என்ற நான்கும் ஒரு தாளில் இருந்தால் போதும். இரண்டு குழு படம் எடுக்கும்போது மற்ற நான்கு குழுக்களுக்கும் பட்டியல் எழுதவோ, எடுத்ததைப் பார்த்துக் குறிக்கவோ, எடிட் செய்யவோ வேலை இருக்கும். கருவி குறைவு என்ற கவலை பாதி தீர்ந்துவிடும்.

பொருள் ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டி, பதிவேட்டில் எழுதிக் கொடுங்கள். பேட்டரி, மெமரி கார்டு, டிரைபாட் தலையில் மாட்டும் தட்டு ஆகியவற்றுக்கும் தனித்தனி எண் வேண்டும். அதிகம் தொலைவது அந்தத் தட்டுதான். கேமராவின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு பைக்குள் போய்விடும். அடுத்த குழுவுக்கு டிரைபாட் இருந்தும் பயன் இருக்காது. கேமரா கைமாறும்போது வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வாங்குபவர் "பிடிச்சிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன் பிறகே கொடுப்பவர் கையை எடுக்கலாம்.

கார்டு விஷயத்தில் கண்டிப்பு தேவை. எடுத்ததை இரண்டு இடத்தில் காப்பி செய்து, இரண்டையும் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை அழிக்கலாம். கணினியில் அழிக்காமல் கேமராவின் ஃபார்மேட் வசதியில் அழியுங்கள். கணினியில் அழித்த கார்டில் சில கேமராக்களின் பதிவு நடுவில் நின்றுபோகும்.

உடைந்தால் அபராதமா என்று அடுத்து கேட்பார்கள். வேண்டாம். கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை அந்தப் பயத்தில் கேமராவைத் தொடவே மாட்டாள். உடைந்த அன்றே சொன்னால் தண்டனை இல்லை, மறைத்தால் ஒரு பயிற்சிக்குக் கருவி இல்லை என்று எழுதி ஒட்டுங்கள்.

கும்பகோணம் வெற்றிலைக் கொடிக்கால் பற்றி ஒரு பெரியவரைப் போனில் பேட்டி எடுத்தோம். இரைச்சல்தான் கேட்கிறது. எடிட்டிங்கில் போட்டால் போகப் போக உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கமாக வருகிறது. வீடியோவைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?
– மாணவர், பாபநாசம்

தூக்கிப் போடாதீர்கள் தம்பி. இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

இரைச்சலுக்குக் காரணம் தூரம். போனை ஆறடி தள்ளி வைத்தால், அதிலுள்ள மைக் அவர் குரலையும் பக்கத்து மோட்டாரையும் ஒரே அளவில் வாங்கும். காலர் மைக்கை முகவாய்க்குக் கீழே ஒரு சாண் இறக்கி, துண்டும் சட்டையும் உரசாத இடத்தில் குத்த வேண்டும். காலர் மைக் இல்லையா? இரண்டாவது போன் ஒன்றில் குரல் பதிவு செயலியைத் திறந்து அவர் சட்டைப் பையில் வையுங்கள். போன் மைக் மேலே பார்த்திருக்கட்டும். தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டினால், அந்தச் சத்தத்தை வைத்து எடிட்டிங்கில் இரண்டையும் பொருத்தலாம்.

பேச்சின் உச்சம் ஒலி அளவு காட்டும் மீட்டரில் கழித்தல் 12 டெசிபலை ஒட்டி நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் குரல் கிழியும். கிழிந்ததை முழுதாகச் சரிசெய்ய வழியில்லை. ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்க ஒருவர் இல்லாமல் பதிவைத் தொடங்கக் கூடாது. வகுப்பு விதியாகவே இது இருக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். பம்புசெட் ஓடும் நேரத்தையும் கோயில் ஒலிபெருக்கி நேரத்தையும் முன்கூட்டியே விசாரியுங்கள். மார்கழியில் விடிகாலைப் பேட்டி நடக்காது. பேட்டி முடிந்ததும் யாரும் அசையாமல் 30 வினாடி அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். வெட்டிய இடங்களுக்கு நடுவே அதைப் பரப்பினால் பேச்சு துண்டு துண்டாகக் கேட்காது.

உதடும் குரலும் பிரிவதற்கு வேறு காரணம். வெளிச்சம் குறையும்போது பல போன்கள் வினாடிக்கு எடுக்கும் ஃபிரேம், அதாவது தனிப்படங்களின் எண்ணிக்கையைத் தாமாகவே மாற்றிக்கொள்ளும். எடிட்டிங் மென்பொருளோ எண்ணிக்கை ஒரே சீராக இருப்பதாக எடுத்துக்கொள்ளும். அதனால் நேரம் ஆக ஆக விலகல் கூடும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில், ஃபிரேம் வேகம் மாறாதிருக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுத்து ஒருமுறை மாற்றி எடுத்து, அந்தக் கோப்பை எடிட் செய்யுங்கள். உங்கள் பேட்டி பிழைத்துவிடும்.

வகுப்பறையில் எடுக்கும்போது டியூப் லைட் அடியில் பட்டை பட்டையாக ஓடுகிறது. கேமரா கெட்டுவிட்டதா?
– மாணவி, பட்டுக்கோட்டை

இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு வினாடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடியில் வைத்து, வினாடிக்கு 25 ஃபிரேமில் எடுங்கள். போனில் இந்த அமைப்பு இல்லை என்றால் ஜன்னல் பக்கம் போய் விளக்கை அணைத்துவிடுங்கள்.

என் மகளையும் வகுப்பில் படம் பிடிக்கிறார்கள். அது யூடியூபில் போகுமோ என்று பயமாக இருக்கிறது.
– பெற்றோர், திருவையாறு

கேட்பது உங்கள் உரிமை. பள்ளி உங்களிடம் ஒரே கையெழுத்தில் எல்லாவற்றுக்கும் சம்மதம் வாங்கக் கூடாது. வகுப்புக்குள் பார்க்க, பள்ளி விழாவில் காட்ட, இணையத்தில் போட என்று மூன்று தனிக் கட்டங்கள் இருக்க வேண்டும். முதலாவதற்குச் சரி, மூன்றாவதற்கு வேண்டாம் என்று நீங்கள் எழுதலாம். அதனால் பிள்ளையின் மதிப்பெண் குறையக் கூடாது. ஒலியோ எடிட்டிங்கோ அவள் செய்வாள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. எடுத்த காட்சிகள் மாணவர்களின் சொந்தப் போன்களில் தங்கக் கூடாது, வாட்ஸ்அப் குழுவில் போகக் கூடாது என்ற விதி இருக்கிறதா என்றும் ஆசிரியரிடம் கேளுங்கள்.

படத்துக்குப் பின்னணியில் சினிமாப் பாட்டு போடலாமா?
– மாணவர், திருத்துறைப்பூண்டி

மாணவர், ஆசிரியர், பெற்றோர் மட்டும் பார்க்கும் பள்ளி நிகழ்ச்சிக்கு 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52-ஆவது பிரிவு ஓரளவு இடம் தருகிறது. யூடியூபுக்கு அது பொருந்தாது. யூடியூபின் ஆடியோ நூலகத்தில் இலவச இசை கிடைக்கிறது. அதைவிட, பள்ளியில் மிருதங்கமோ நாகஸ்வரமோ கற்கும் பிள்ளையை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலை ட்ரோனில் எடுக்க மாணவர்கள் ஆசைப்படுகிறார்கள். அனுமதிக்கலாமா?
– ஆசிரியர், தஞ்சாவூர்

அனுமதிக்காதீர்கள். கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே டிரைபாட் வைக்கவே முன் அனுமதி வேண்டும். ஊரில் விமானப்படைத் தளமும் இருக்கிறது. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிப்படி 18 வயதாகாதவர் ட்ரோன் ஓட்டும் சான்றிதழ் பெற முடியாது.

பக்கத்தில், உலோகச் சிலை வார்க்கும் சுவாமிமலைக்கு அழைத்துப் போங்கள். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண் பூசிக் காயவைத்து, சுட்டு மெழுகை வடித்து, உலோகம் ஊற்றும் வேலை முழுவதும் படத்துக்கென்றே அமைந்தது. ஆனால் ஊற்றுவது ஒரே முறைதான், இரண்டாவது டேக் கிடையாது. இரண்டு கேமராவும் முழு சார்ஜில், ஒன்று தூரக்காட்சியிலும் ஒன்று நெருக்கத்திலும் முன்பே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஸ்தபதி காட்டும் கோட்டைத் தாண்டி யாரும் போகக் கூடாது. நெருக்கக்காட்சியை ஜூம் செய்து எடுத்தால் போதும்.

ஆற்றங்கரை, வாய்க்கால், வயல் என எங்கே போனாலும் கேமராக்காரர் பின்னோக்கி நடந்தபடி எடுக்கக் கூடாது. ஒருவர் அவர் தோளைப் பிடித்தபடி தரையை மட்டும் பார்க்க வேண்டும். மேட்டூர் திறந்து முறைத் தண்ணீர் வரும் மாதங்களில் படித்துறையில் படப்பிடிப்பே வேண்டாம்.

எங்கள் படம்தான் எல்லோருக்கும் பிடித்தது. மதிப்பெண் மட்டும் குறைவு. ஏன்?
– மாணவி, மயிலாடுதுறை

உங்கள் ஆசிரியர் எப்படிப் பிரித்தார் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் பரிந்துரை: திட்டமும் ஷாட் பட்டியலும் 25, படப்பிடிப்பு 20, ஒலி 20, எடிட்டிங் 20, குழுவேலையும் கருவிப் பராமரிப்பும் 15. படம் பளபளப்பாக இருந்தும் பட்டியல் இல்லை என்றால் 25 போய்விடும். ஆசிரியர்கள் இந்தப் பிரிவினையை முதல் நாளே கொடுத்துவிட வேண்டும். கடைசியில் சொல்வது அநியாயம்.

முதல் படம் இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. ஒப்படைக்கும் நாளில் அதிகம் கெடுவது ஒன்றே: பென் டிரைவில் இருந்தபடியே எடிட் செய்திருப்பார்கள், வேறு கணினியில் திறந்தால் காட்சிகள் காணாமல் கறுப்பாக நிற்கும். முழு ஃபோல்டரையும் முதலில் கணினிக்குள் காப்பி செய்து, அங்கேயே எடிட் செய்யுங்கள். கெடுவுக்கு முந்தைய நாளே 1080 அளவில் எம்பி4 கோப்பாக வெளியே எடுத்து, தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். மின்வெட்டு வந்தாலும் கையில் ஒன்று இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கிறது. கேமராவை அரிசிக்குள் வைக்கலாமா?
– ஆசிரியர், நாகப்பட்டினம்

வைக்காதீர்கள். அரிசித் தவிடும் தூசியும் லென்ஸ் வளையத்துக்குள் இறங்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் வகையை வாங்கினால், மாறியதும் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். தோல் பையிலும் துணிப் பையிலும் ஈரம் தங்கும். கேமராவை அவற்றில் போட்டு அலமாரியில் பூட்டாதீர்கள். குளிர்சாதன அறையிலிருந்து வெளியே எடுத்தால், மூடிய பையிலேயே அரை மணி நேரம் வைத்துப் பிறகு திறங்கள். உடனே திறந்தால் கண்ணாடியில் நீர் பூத்துவிடும்.