மாமாவின் மாத்திரையும் மகளின் நோட்டும்

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் படித்தபோது, வருடா வருடம் இந்தப் பருவத்தில் எனக்கு வரும் கேள்விதான் இதுவும் என்று பட்டது. பெண் பயாலஜி குரூப் முடித்துவிட்டாள், நீட் மதிப்பெண் கைகொடுக்கவில்லை, இன்னொரு வருடம் கோச்சிங் அனுப்பலாமா என்று யோசிக்கிறீர்கள். அவளோ "மனநோய்க்குக் கொடுக்கிற மாத்திரை மூளைக்குள்ள போய் என்ன செய்யுதுன்னு படிக்கணும்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அப்படி ஒரு படிப்பு இருக்கிறதா, படித்தால் சோறு போடுமா?

இரண்டாம் தரம் படித்தபோதுதான், நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த வரி கண்ணில் பட்டது. வீட்டோடு இருக்கும் உங்கள் தம்பிக்கு, அவருடைய இருமுனை நோய்க்கான (மனம் ஒரு சமயம் பித்து உச்சத்துக்கும் இன்னொரு சமயம் ஆழ்ந்த சோர்வுக்கும் போகும் நோய்) லித்தியம் மாத்திரை எடுத்துக்கொடுப்பது அவள்தான், அதற்கு ஒரு நோட்டு வேறு போட்டு வைத்திருக்கிறாள், அதைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த நோட்டில் நாலு பக்கம் போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், அனுப்பினீர்கள். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

கட்டம் போட்ட நோட்டு. தேதி, மாத்திரை போட்ட நேரம், தூங்கிய நேரம், அப்புறம் "கை" என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் 0, 1, 2, 3 என்று எண்கள். கீழே விளக்கம்: காபி டம்ளர் ததும்பினால் 1, சட்டைப் பட்டன் போட வராவிட்டால் 2, பட்டனும் வராமல் நடையும் தள்ளாடினால் 3. மார்ச்சில் பெரும்பாலும் 0. ஏப்ரல் கடைசியில் 1. கத்திரி வெயிலில் இரண்டு நாள் 2. பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் "வெயில்?" என்று எழுதிக் கேள்விக்குறி போட்டிருக்கிறாள்.

அம்மா, அந்தக் கேள்விக்குறி சாதாரணம் இல்லை. லித்தியம் என்பது ஒரு உப்பு. அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். வெயிலில் வியர்த்து உடம்பில் தண்ணீரும் சோடியமும் குறைந்தால், சிறுநீரகம் சோடியத்தை விடாமல் பிடித்துவைக்கப் பார்க்கும். அது பிடிக்கும்போது லித்தியமும் கூடவே மாட்டிக்கொள்கிறது. மாத்திரையின் அளவு மாறாமலே ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். ரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் மருந்து. 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே இவ்வளவு குறுகலான சந்து உள்ள மாத்திரைகள் அதிகம் கிடையாது. +2 படித்த பெண் டம்ளரையும் பட்டனையும் வைத்தே அந்தச் சந்தின் ஓரத்தைத் தொட்டுவிட்டாள்.

படிப்புப் பேச்சுக்கு முன்னால் ஒன்று. இந்த வாரமே தம்பியை அவருடைய டாக்டரிடம் அழைத்துப் போங்கள், நோட்டையும் எடுத்துப் போங்கள். ரத்தத்தில் லித்தியம் அளவு, சிறுநீரகம், தைராய்டு மூன்றுக்கும் பரிசோதனை எப்போது கடைசியாக நடந்தது என்று கேளுங்கள். லேசான நடுக்கம் சரியான அளவிலேயே வரக்கூடியதுதான். ஆனால் நடுக்கம் பெரிதாகி, வாந்தி, பேதி, தள்ளாட்டம், குழறல் சேர்ந்தால் வாரக் கடைசிவரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூட்டு வலிக்கென்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடுகிறாரா என்றும் பாருங்கள். அவையும் லித்தியத்தை ரத்தத்தில் ஏற்றும். டாக்டரைக் கேட்காமல் நீங்களாக மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்ப வரும் ஆபத்து உண்டு.

சரி, மகள் விஷயத்துக்கு வருகிறேன்.

அப்படி ஒரு படிப்பு இருக்கிறதா என்றால், மனநோய் மருந்துகளை ஆராயும் அந்தத் துறைக்கு உளமருந்தியல் என்று பெயர், ஆனால் அந்தப் பெயரில் இளநிலைப் பட்டம் கிடையாது. ஆறு மாத ஆன்லைன் டிப்ளமோ என்று விளம்பரம் வரும், பணத்தைக் கட்டிவிடாதீர்கள். உளமருந்தியல் என்பது பல வாசல்களில் இருந்து வந்து சேரும் ஒரு கூடம். அந்தக் கூடத்தில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிய, மாமா சாப்பிடும் லித்தியத்தின் கதையையே சொல்கிறேன். மகளிடமும் காட்டுங்கள்.

ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்று ஒரு மனநல மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் சாங்கி முகாமில் மூன்று வருடத்துக்கு மேல் போர்க்கைதியாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். மெல்போர்ன் பக்கத்தில் ஒரு மனநோய் மருத்துவமனையில், புழங்காமல் கிடந்த சமையல்கட்டைச் சோதனைக்கூடமாக்கிக்கொண்டார். உடம்பில் ஏதோ நஞ்சு ஊறித்தான் பித்து உச்சத்துக்குப் போகிறது என்பது அவர் கணிப்பு. நோயாளிகளின் சிறுநீரைக் கினிப் பன்றிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார். கணிப்பு தப்பு. ஆனால் சிறுநீரில் உள்ள யூரிக் அமிலத்தைத் தனியே சோதிக்க, அதைக் கரைக்கத் தோதாக இருக்கிறதே என்று லித்தியம் உப்பைச் சேர்த்தபோது, துறுதுறுவென்று இருந்த கினிப் பன்றிகள் மல்லாக்கப் போட்டாலும் பேசாமல் படுத்திருந்தன. தானே சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, பித்து முற்றிய 10 பேருக்குக் கொடுத்தார். 1949 செப்டம்பரில் அதைக் கட்டுரையாக எழுதினார். வருடக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த அவருடைய முதல் நோயாளி சில மாதங்களில் வீட்டுக்குப் போய், பழைய வேலையிலும் சேர்ந்தார். 1950-ல் அதே மனிதர் லித்தியம் நஞ்சேறி இறந்தும் போனார்.

கேட் அந்த மருந்தையே விட்டுவிட்டார். அதை எடுத்து நிறுத்தியவர் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் இருந்த எட்வர்ட் டிரவுட்னர். அவர் மனநல மருத்துவர் கிடையாது, ஆய்வுக்கூடத்து ஆள். நூறு நோயாளிகளுக்கு மேல், ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு ஏறுகிறது என்று தன் சகாக்களோடு அளந்து, 1951-ல் வெளியிட்டார். அளந்து கொடுத்தால் ஆபத்தைத் தள்ளிவைக்கலாம் என்று தெரிந்தது அதன் பிறகுதான். 1954-ல் டென்மார்க்கில் மோகன்ஸ் ஸ்கௌ, லித்தியத்தையும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையையும் ஒப்பிட்டுச் சோதனை நடத்தினார். அமெரிக்காவில் பித்து நிலைக்கு இதை அனுமதித்தது 1970-ல். அது மூளையில் எப்படி வேலை செய்கிறது என்பது இன்றைக்கும் முழுசாக முடிவாகவில்லை. பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனமும் என்சிபிஎஸ் என்ற உயிரியல் ஆய்வு மையமும் சேர்ந்து, நோயுள்ள குடும்பத்தினரின் ரத்த அணுக்களில் இருந்து, வேறு வகை செல்லாக மாறக்கூடிய மூலசெல்களும் நரம்பு செல்களும் வளர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சிலருக்கு மட்டும் லித்தியம் ஏன் நன்றாகப் பிடிக்கிறது என்பதும் அங்கே கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று. உங்கள் வீட்டில் இருந்து ஒரு ராத்திரி பஸ் தூரம்.

இந்தக் கதையில் உங்கள் மகள் யார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். நோட்டைப் பார்த்த வரைக்கும் எனக்கு அவள் டிரவுட்னர் ஜாதி. அவள் மாமாவிடம் ஆறுதலாகப் பேசியதை எழுதவில்லை, அளந்ததை எழுதியிருக்கிறாள்.

அதனால் என் முதல் சிபாரிசு பி.பார்ம். நீட் வேண்டாம், +2 மதிப்பெண் போதும். மதுரை மருத்துவக் கல்லூரியோடு அரசு பார்மசி கல்லூரி இருக்கிறது, சென்னை மருத்துவக் கல்லூரியிலும் உண்டு. இடங்கள் குறைவு, ஆனால் கட்டணமும் குறைவு, விண்ணப்பத் தேதியைத் தவற விட்டுவிடாதீர்கள். நாலு வருடம் முடித்து எம்.பார்மில் மருந்தியல் பிரிவு எடுக்க வேண்டும். எம்.பார்முக்கான ஜிபாட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சியோடு போனால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. "மெடிக்கல் ஷாப் வைக்கிற படிப்பா?" என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். நிம்ஹான்ஸில் உளமருந்தியலுக்கென்றே துறை இருக்கிறது, அங்கே அளக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். வார்டில் நோயாளிகளுக்குப் பக்கத்திலேயே இருக்க ஆசைப்பட்டால் ஃபார்ம்.டி. ஐந்து வருடம் படிப்பு, ஒரு வருடம் பயிற்சி. தமிழ்நாட்டில் பெரும்பாலும் தனியார் கல்லூரிகள்தான், செலவைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நீட் இன்னொரு தரம் எழுதலாமா? அவளே கேட்டால் ஒரே ஒரு தரம். எம்.பி.பி.எஸ். முடித்தால் எம்.டி. மனநல மருத்துவம், எம்.டி. மருந்தியல் இரண்டுக்கும் கதவு திறக்கும். மருந்து எழுதும் உரிமை அந்த வழியில் மட்டும்தான். ஆனால் பல வருடம் முன்னால் ஒரு பையனை மூன்றாம் தரமும் எழுதச் சொன்னவன் நான். மதிப்பெண் வரவில்லை, படிப்பின் மேலேயே அவனுக்கு வெறுப்பு வந்ததுதான் மிச்சம். அதில் இருந்து அந்த யோசனையை யாருக்கும் சொல்வதில்லை.

பி.எஸ்சி. சைக்காலஜி பற்றியும் கேட்டிருந்தீர்கள். நல்ல படிப்பு, ஆனால் அது பேச்சுவழிச் சிகிச்சைக்குப் போகும் பாதை, இவள் கேட்கும் கேள்விக்கான நேர் பாதை இல்லை. கணக்கில் பிடிப்பு இருந்தால் புள்ளியியலை யோசியுங்கள். வேலூர் சி.எம்.சி.யில் உயிர்ப்புள்ளியியல் முதுநிலை இருக்கிறது. இந்தத் துறைக்கு அது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 மனச்சோர்வு மருந்து ஆய்வுகளை ஒரு குழு எடுத்து, அவை என்ன ஆயின என்று தேடி 2008-ல் வெளியிட்டது. மருந்துக்குச் சாதகமாக வந்தவை 38. அதில் 37 மருத்துவ இதழ்களில் வந்திருந்தன. மிச்சம் 36-ல் 22 வெளிவரவே இல்லை, 11 சாதகம் போலத் தோன்றும்படி எழுதப்பட்டு வந்தன, மூன்றே மூன்றுதான் உள்ளபடி வந்தன. டாக்டர்கள் படித்தது வெளிவந்ததை மட்டும். இந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க எலியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், பொறுமையும் கணக்கும் போதும்.

எலி என்றதும் ஞாபகம் வருகிறது. மருந்தியல் ஆய்வுக்கூடத்தில் எலியைக் கையில் பிடித்து ஊசி போட வேண்டிவரும். சோதனை முடிந்ததும் அதைக் கொன்று மூளையை எடுக்கவும் வேண்டிவரும். அனுமதி, விதிமுறை எல்லாம் உண்டு, ஆனாலும் கை கைதான். சிலருக்கு ஒத்துக்கொள்ளவே செய்யாது. எம்.பார்ம் சேர்ந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசிய அறிவியல் தகுதித் தேர்வை பி.பார்ம் முடித்தவர்களும் எழுதலாம். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் பி.எச்டி. படிக்கும்போதே முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. கிடைக்காவிட்டால் கஷ்டம்தான், அதை மறைக்க மாட்டேன். பி.எச்டி. முடிய ஐந்து வருடம் என்று வையுங்கள், முப்பதைத் தொட்டுவிடுவாள். கல்யாணக் கணக்கை நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை, ஆனால் மனதில் ஓடுவது தெரிகிறது. பாதியில் இறங்கவும் ஸ்டேஷன்கள் உண்டு: எம்.பார்ம் முடித்தவுடன் மருந்துச் சோதனை நடத்தும் நிறுவனங்கள், மருந்தின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் வேலை, கல்லூரி ஆசிரியர் வேலை. மருத்துவக் கல்லூரிகளிலேயே பக்கவிளைவு கண்காணிப்பு மையங்கள் இயங்குகின்றன. அவள் நோட்டில் செய்திருப்பது அந்த வேலைதான், சம்பளம் இல்லாமல்.

கடைசியாக, நீங்கள் உண்மையில் கேட்க நினைத்து வேறு வார்த்தையில் கேட்ட கேள்வி. "எந்நேரமும் அதையே நினைச்சுக்கிட்டு இருந்தா அவளுக்கும் ஏதாவது ஆகிடுமோ?" படிப்பதால் இந்த நோய் வராது அம்மா. இருமுனை நோயில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் மாமா உறவில் கூடும் வாய்ப்பு சிறியது, அவள் எந்தப் படிப்பு படித்தாலும் அது மாறப்போவதில்லை. எனக்கு இருக்கும் கவலை வேறு. பதினெட்டு வயதில் மாமாவின் மாத்திரைப் பொறுப்பு முழுக்க அவள் தலையில் இருக்கிறது. அவள் மதுரைக்கோ சென்னைக்கோ ஹாஸ்டலுக்குப் போனால் அந்த வேலையை யார் பார்ப்பது என்று வீட்டில் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். "நீ போனா மாமாவை யார் பார்த்துக்கிறது" என்ற ஒரு வாக்கியம் போதும், அவள் விண்ணப்பமே போட மாட்டாள்.

இன்னொன்றும் அவளிடம் கேளுங்கள்: நோட்டு போடுவது மாமாவுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் அவரிடம் காட்டி, எழுதட்டுமா என்று கேட்கச் சொல்லுங்கள். 2017 மனநலச் சட்டத்தில், ஆய்வுக்கு முன் நோயாளியின் சம்மதம் வேண்டும் என்று தனிப் பிரிவே இருக்கிறது. இது வீட்டு நோட்டுதான், சட்டம் எட்டிப் பார்க்காது. ஆனால் கை நடுங்குவது அவருடைய கை. அவர் சரி என்றால், அன்றைக்கு எத்தனை சொம்பு தண்ணீர் குடித்தார் என்பதற்கும் ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். "வெயில்?" என்று எழுதிய பிறகு அவள் போட்டிருக்க வேண்டிய கட்டம் அது.