திரும்பி வரும் வழி

அன்புள்ள அண்ணைக்கு,

மாங்குளத்துக்குக் கிட்ட சீமெந்துக் கல் அரியும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். ஹைட்ரோலிக் பம்ப் மோட்டருக்கு, வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு இன்வேட்டர் பூட்டினோம். அன்றிலிருந்து 120 பார் காட்டவேண்டிய பிரஷர் சென்சர் 95க்கும் 150க்கும் இடையில் துள்ளுகிறது. இரண்டு சென்சர் மாற்றியாயிற்று. வந்த ரெக்னீசியன், மெஷினை ஓட்டும் சிறு கணினியான பிஎல்சியில் இரண்டு விநாடிச் சராசரி எடுக்க வைத்துவிட்டுப் போனார். இப்போது திரையில் துள்ளல் இல்லை. ஆனால் மனம் ஒப்பவில்லை. எந்த நாட்டுச் சென்சர் வாங்கலாம்? நீங்கள் முந்தி றேடியோ திருத்தினவர் என்பதால் கேட்கிறேன்.

*

அன்பின் தம்பி,

மனம் ஒப்பவில்லை என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன்.

நாட்டை விடுங்கள். இரண்டு சென்சரும் ஒரேமாதிரித் துள்ளினால் பிழை வேறெங்கோ இருக்கிறது. வாங்கத்தான் வேண்டுமென்றால் வோல்ற் தருகிறதை விட்டு 4–20 மில்லி அம்பியர் வகையை வாங்குங்கள். நீண்ட வயரில் ஏறும் மின் இரைச்சலை அது நன்றாகத் தாங்கும்.

அந்தச் சராசரியை மட்டும் இன்றைக்கே கழற்றுங்கள். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. எண்ணெய் உண்மையாகவே ஒரு கணம் எகிறினாலும் திரையில் சாதுவாக 120தான் நிற்கும். அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிடும் ரிலீஃப் வால்வ் இருக்கிறது என்று சொல்லாதீர்கள், அது இறுகிப்போகும் நாளும் வரும். அன்றைக்கு ஹோசுக்குப் பக்கத்தில் நிற்கப்போவது உங்களோடு தேத்தண்ணி குடிக்கிற பெடியன்தான்.

90களில் வன்னிக்குள் பற்றறி வரத் தடை. கம்பியில் கரண்டும் இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, பின்சில்லில் டைனமோவைச் சாய்த்து, ஒருவர் மிதிக்க மற்றவர்கள் செய்தி கேட்போம். டைனமோ தருவது 6 வோல்ற் ஆடலோட்டம் (ஏசி). நாலு டயோட்டும் ஒரு கொண்டென்சரும் போட்டு றேடியோவுக்குக் கொடுப்போம். ஒரு மாரி இரவு, புதுக்குடியிருப்பில் எங்கள் கொட்டிலுக்குள் றேடியோ கரகரவென்று செய்தியை விழுங்கியது. அண்ணன் சாரத்தை எடுத்து ஸ்பீக்கர்மேல் சுற்றினான். கரகரப்பு அடங்கியது. ஷெல் விழுந்த ஊரின் பெயரும் அதோடு அடங்கிப்போனது. அது அக்கா கட்டிப்போன ஊரா என்று தெரியாமல் அம்மா விடியும்வரை குந்தியிருந்தா.

காலையில் அப்பா சைக்கிளைக் கவிழ்த்தார். டைனமோவிலிருந்து ஒரு வயர்தான் வரும், திரும்பும் வழி சைக்கிளின் இரும்பு. டைனமோவைப் பூட்டிய கிளிப்புக்கு அடியில் கறள். அப்பா டைனமோவின் உடம்பிலிருந்து இரண்டாவது வயர் ஒன்றை நேரே இழுத்து முதல் வயரோடு முறுக்கிவிட்டார். "போற வயரை எல்லாரும் பாப்பினம். திரும்பி வாற வழியைப் பார் மோனை." அன்றிரவு ஒவ்வொரு பெயரும் தெளிவாகக் கேட்டது. அண்ணனின் சாரம் கொடியில் கிடந்தது.

உங்கள் ரெக்னீசியன் சுற்றியதும் அந்தச் சாரத்தைத்தான்.

நீங்கள் செய்யவேண்டியது இது. மோட்டரை நிற்பாட்டி, அழுத்தத்தை முழுக்க இறக்கி, சென்சரைக் கழற்றுங்கள். துவாரத்துக்குப் பிளக் போட்டு இறுக்குங்கள். வயர் பூட்டியபடியே சென்சரை றப்பர் துண்டொன்றின்மேல் வைத்து மோட்டரை ஓடவிடுங்கள். எண்ணெய் தொடாத சென்சர் பூச்சியத்தில் நிற்கவேண்டும். அப்படியும் துள்ளினால் இன்வேட்டரின் இரைச்சல் கேபிளில் ஏறுகிறது. மோட்டர் கேபிளும் சென்சர் கேபிளும் ஒரே குழாய்க்குள் போனால் பிரித்து எடுங்கள். துள்ளாவிட்டால், சென்சரின் உடம்பை மெஷின் இரும்பில் முட்டவையுங்கள். முட்டியதும் துள்ளினால் கேபிளின் கவசம், அதாவது வயரைச் சுற்றியிருக்கும் உலோக உறை, இரண்டு முனையிலும் ஏர்த் ஆகியிருக்கிறது, கரண்ட் அதன் வழியே சுற்றித் திரும்புகிறது. பனல் பக்கத்தை வைத்துக்கொண்டு பம்ப் பக்கத்தைக் கழற்றிவிடுங்கள்.

இரண்டிலும் துள்ளவில்லையென்றால் அது எண்ணெயின் துடிப்பு. 9 பிஸ்ரன் பம்ப் 1500 சுற்றில் விநாடிக்கு 225 தரம் உதைக்கும். அப்போது சென்சர் சொன்னது முழுக்க உண்மை.

எது என்று தெரிந்த அன்றே எழுதுங்கள். அதுவரை பெடியனை ஹோஸ் பக்கம் நிற்கவிடாதீர்கள்.